கசப்பு தெரிகிறதா? 2020-இல் பிரிட்டனின் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் நின்ற வெளிநாட்டு மருத்துவர்கள்

தலையைத் தோள்வரை மூடும் ஒரு பிளாஸ்டிக் கூண்டு. முன்பக்கம் ஒரு சின்ன ஓட்டை. அதன் வழியாகச் சோதிப்பவர் ஒரு கசப்புத் திரவத்தைப் புகைபோலப் பீய்ச்சுவார். உள்ளே மாஸ்க் அணிந்து நிற்பவர் முதலில் சாதாரணமாக மூச்சு விட வேண்டும், பிறகு ஆழமாக. தலையை இடம் வலமாகத் திருப்ப வேண்டும், மேலும் கீழும் அசைக்க வேண்டும், குனிந்து நிமிர வேண்டும், நிறுத்தாமல் பேச வேண்டும். ஒவ்வொன்றும் ஒரு நிமிடம். நாக்கில் கசப்பு தட்டினால் மாஸ்க் முகத்தோடு பொருந்தவில்லை, ஓரத்தில் காற்று கசிகிறது என்று அர்த்தம். அந்த மாடல் அவருக்கு ஆகாது. வேறு மாடலைத் தேட வேண்டும்.

2020 மார்ச்சில் பிரிட்டனின் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் வேலை பார்த்தவர்களுக்கு இந்தச் சோதனை நன்றாகத் தெரியும். எஃப்.எஃப்.பி.3 எனப்படும் அந்த மாஸ்க்கில் ஒரு மாடலுக்குத் தேறினால் அது அந்த மாடலுக்கு மட்டும்தான். அடுத்த வாரம் வேறு கம்பெனியின் பெட்டி வந்து இறங்கினால் மறுபடி கூண்டுக்குள் போக வேண்டும். சிறிய முகம் கொண்ட பெண்கள் பலருக்குப் பொருந்தும் மாஸ்க் கிடைப்பது பெரும்பாடாக இருந்தது. தாடி வைத்த சீக்கிய மருத்துவர்களுக்கும் முஸ்லிம் மருத்துவர்களுக்கும் அந்தச் சோதனையே பெரும்பாலும் இல்லை. மழித்துவிட்டு வா, அல்லது காற்றை வடிகட்டித் தரும் தலைக்கவசம் கிடைக்கும்வரை காத்திரு என்றார்கள். ரப்பர் பட்டையால் தாடியை இறுக்கி மூடி அதன்மேல் மாஸ்க் அணியும் ‘சிங் தாட்டா’ முறையைச் சீக்கிய மருத்துவர்களே பழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். அதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை ஆண்டின் கடைசியில் வெளிவந்தது.

மாஸ்க்கை வைத்துத் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. அந்த ஆண்டைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் வைரஸிலிருந்து தொடங்குகிறார்கள். ஆனால் வெளிநாட்டிலிருந்து போய் அங்கே அவசர சிகிச்சைப் பிரிவில் நின்ற மருத்துவரின் வாழ்க்கையில் பாதிக்கு மேல் வைரஸ் வருமுன்பே முடிவாகியிருந்தது. அவர் எந்த விசாவில் இருந்தார், எந்தப் பதவியில் இருந்தார், யாரை எதிர்த்துப் பேச முடிந்தது, பெற்றோரை எங்கே விட்டு வந்தார் என்பதெல்லாம் பழைய விஷயங்கள். 2020 அவற்றின்மேல் வந்து விழுந்தது.

சரி, அங்கே எப்படிப் போய்ச் சேர்கிறார்கள் என்று பார்ப்போம்.

பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவையான என்.எச்.எஸ். 1948 ஜூலை 5-இல் தொடங்கியது. தொடங்கிய சில ஆண்டுகளிலிருந்தே இந்தியா, பாகிஸ்தான், இலங்கை மருத்துவர்கள் இல்லாமல் அது நடந்ததே இல்லை. மருத்துவர்களைப் பதிவு செய்யும் ஜெனரல் மெடிக்கல் கவுன்சிலின் பட்டியலில் மூன்றில் ஒருவருக்கும் மேல் வெளிநாட்டில் படித்தவர்கள். அவர்களில் பெரிய கூட்டம் இந்தியாவில் படித்து வந்தவர்கள். மதுரையிலோ தஞ்சாவூரிலோ எம்.பி.பி.எஸ். முடித்த ஒருவர் அங்கே போக வேண்டுமென்றால் முதலில் ஆங்கிலத் தேர்வு, பிறகு ‘பிளாப்’ என்ற இரண்டு கட்டத் தேர்வு. முதல் கட்டத்தைச் சென்னையிலேயே எழுதலாம். இரண்டாம் கட்டம் மான்செஸ்டரில் மட்டும். அங்கே நோயாளியாக நடிக்க ஆட்களை வைத்திருப்பார்கள். ஒவ்வொருவரிடமும் எட்டு நிமிடம். மணி அடித்ததும் அடுத்த அறை. ஒரு அறையில் மாரடைப்பு, அடுத்ததில் கோபக்கார மகன், அதற்கடுத்ததில் புற்றுநோய் என்று சொல்லியாக வேண்டிய ஒரு பெண்.

பிளாப் எழுத வந்தவர்கள் ஒரு காலத்தில் கிழக்கு லண்டனின் ஈஸ்ட் ஹாமில் தங்குவார்கள். தமிழ்க் கடைகளும் முருகன் கோயிலும் இருக்கும் பகுதி, ஒரு அறையில் நாலைந்து பேராகத் தங்கலாம். 2006-இல் அரசு திடீரென்று விதியை மாற்றி, ஐரோப்பியர்களுக்குப் பிறகுதான் மற்ற வெளிநாட்டு மருத்துவர்களுக்குப் பயிற்சி இடம் என்றது. ஆயிரக்கணக்கான இந்திய மருத்துவர்கள் வேலையில்லாமல் நின்றார்கள். கோயில் அன்னதானத்தில் பசியாறிய டாக்டர்களைப் பற்றிச் செய்திகள் வந்தன. இந்திய வம்சாவளி மருத்துவர் சங்கமான பாப்பியோ வழக்குப் போட்டு, 2008-இல் அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரபுக்கள் சபையில் வென்றது. அதற்குள் பலர் ஊர் திரும்பிவிட்டார்கள், சிலர் ஆஸ்திரேலியா போய்விட்டார்கள். மூத்தவர்களிடம் பேசினால் இன்றும் அந்த இரண்டு ஆண்டுகளைப் பற்றித்தான் முதலில் சொல்வார்கள். ‘நம்மைக் கூப்பிட்டவனே ஒருநாள் கதவைச் சாத்துவான்’ என்ற பயம் அங்கிருந்து வந்தது. அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

தேர்வு முடிந்து வேலை தேடும்போது ஏன் பலர் அவசர சிகிச்சைப் பிரிவில் போய்ச் சேர்கிறார்கள்? பதில் எளிது. இடம் எப்போதும் காலியாக இருக்கும். இரவு வேலை, சனி ஞாயிறு வேலை, வந்த நோயாளியை நாலு மணி நேரத்துக்குள் பார்த்து அனுப்ப வேண்டும் என்ற இலக்கு. உள்ளூர் இளம் மருத்துவர்கள் சில மாதப் பயிற்சியோடு விலகி வேறு துறைக்குப் போய்விடுவார்கள். அந்த ஓட்டையை அடைக்க மருத்துவமனைகள் பயிற்சித் திட்டத்துக்கு வெளியே ஆட்களை எடுக்கும். ‘ட்ரஸ்ட் கிரேடு’, ‘கிளினிக்கல் ஃபெல்லோ’ என்று பெயர் பலவாறு இருக்கும். சம்பளம் ஏறக்குறைய ஒன்றேதான், நோயாளியும் ஒன்றேதான். ஆனால் இந்த வேலை கன்சல்டன்ட் எனப்படும் மூத்த நிபுணர் பதவிக்கு நேராகக் கொண்டுபோகாது. விசாவோ அந்த வேலையோடு கட்டப்பட்டது.

நம் ஊரில் ‘கேஷுவாலிட்டி’ என்று சொல்லிப் பழகியவருக்கு இந்தத் துறையே புதிதாகத் தெரியும். இந்திய மருத்துவ கவுன்சில் அவசர மருத்துவத்தைத் தனித் துறையாக ஏற்றதே 2009-இல்தான். நம் கேஷுவாலிட்டியில் டியூட்டி டாக்டர் பார்த்து, ஊசி போட்டு, உரிய வார்டுக்கு அனுப்பிவிடுவார். பிரிட்டனில் 1970-களிலேயே இதற்கென்று கன்சல்டன்ட்கள் வந்துவிட்டார்கள். வாசலில் யார் முதலில், யார் பிறகு என்று நர்ஸ் தரம் பிரிப்பார். சிறு காயம் ஒரு பக்கம், பெரிய நோய் ஒரு பக்கம், உயிர் ஊசலாடுபவர் ‘ரீஸஸ்’ எனப்படும் அறைக்கு. எலும்பைப் பொருத்துவது, மூச்சுக்குழாய் போடுவது, நெஞ்சில் டியூப் இறக்குவது எல்லாம் அங்கேயே நடக்கும். அந்த வேகத்தில் ஒரு ஆண்டு வேலை பார்த்தவருக்கு வேறு துறை ருசிக்காது என்பார்கள். எனக்கும் அது உண்மையென்றே தோன்றுகிறது. இல்லாவிட்டால் அத்தனை இரவுகளை யார் தாங்குவார்கள்?

பிரிட்டனில் முதல் இரண்டு கோவிட் நோயாளிகள் யார்க் நகரில் 2020 ஜனவரி 31-இல் உறுதியானார்கள். மார்ச் நடுவில் பிளாப் இரண்டாம் கட்டத் தேர்வு நிறுத்தப்பட்டது. அதற்காகவே மான்செஸ்டருக்கு விமானம் ஏறி வந்திருந்த மருத்துவர்கள் அப்படியே மாட்டிக்கொண்டார்கள். இந்தியா மார்ச் 18 முதல் பிரிட்டனிலிருந்து வரும் பயணிகளை ஏற்கவில்லை. மார்ச் 22 முதல் எல்லா நாட்டு விமானங்களும் நின்றன. தேர்வுக்காக வந்தவர்கள் கையில் இருந்தது பார்வையாளர் விசா. அதில் ஒரு மணி நேரம்கூட வேலை பார்க்க முடியாது. தேர்வுக் கட்டணமே 800 பவுண்டுக்கு மேல், ஊரில் கடன் வாங்கிக் கட்டியது. வாடகை ஏறிக்கொண்டே போனது. அதே வாரங்களில் ஓய்வு பெற்றவர்களும் பதிவை விட்டு விலகியவர்களுமாகப் பல்லாயிரம் மருத்துவர்களை அரசு தற்காலிகப் பதிவு கொடுத்துத் திரும்ப அழைத்தது. தெருவுக்கு அந்தப் பக்கம் மருத்துவமனையில் ஆள் இல்லை; இந்தப் பக்கம் ஒரு வாடகை அறையில் டாக்டர்கள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். தேர்வு மறுபடி தொடங்கியது ஆகஸ்ட்டில்.

இனி மருத்துவமனைக்குள் போவோம்.

அந்த வசந்த காலத்தில் அவசர சிகிச்சைப் பிரிவுகள் நிரம்பி வழிந்தன என்றுதான் நாம் நினைக்கிறோம். நடந்தது வேறு. 2019 ஏப்ரலில் இங்கிலாந்தின் அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்கு ஏறக்குறைய 21 லட்சம் வருகைகள். 2020 ஏப்ரலில் அது 9 லட்சத்துச் சொச்சம், 57 சதவீதம் குறைவு. காத்திருப்பு அறையின் நாற்காலிகள் காலி. கால் பிசகியவர், குடித்துவிட்டு விழுந்தவர், காய்ச்சல் குழந்தையோடு வரும் அம்மா எவரும் இல்லை. முதலில் அது நிம்மதியாகத்தான் இருந்திருக்கும். பிறகு, மாரடைப்பு வந்தவர்கள் எங்கே போனார்கள் என்று யோசித்தார்கள். பக்கவாதம் வந்தவர்கள் எங்கே? மருத்துவமனைக்குப் போனால் தொற்றிக்கொள்ளும் என்ற பயத்தில் நெஞ்சு வலியோடு வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். சில நாள் கழித்து இதயம் பாதி செத்த நிலையில் கொண்டுவரப்பட்டார்கள்.

ஆட்கள் குறைந்தாலும் வந்தவர்கள் எல்லோரும் கடும் நோயாளிகள். பிரிவை இரண்டாகத் தடுத்து, ஒரு பக்கம் கோவிட், ஒரு பக்கம் மற்றவை என்று வைத்தார்கள். கோவிட் பக்கத்தில் முழு உடுப்போடு நின்றால் தண்ணீர் குடிக்க முடியாது, கழிவறைக்குப் போக முடியாது, ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. மேலே கட்டிய பிளாஸ்டிக் ஏப்ரன்மேல் மார்க்கர் பேனாவால் பெயரையும் பதவியையும் எழுதிக்கொண்டார்கள்.

மருத்துவர்களையே குழப்பிய ஒன்று ஆக்சிஜன் அளவு. விரலில் மாட்டும் கருவி 95-க்கு மேல் காட்டினால் சரி, 85 காட்டினால் ஆள் திணறிக்கொண்டிருப்பார் என்பதுதான் படித்த பாடம். கோவிட் நோயாளி 75 என்ற அளவோடு படுக்கையில் உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருப்பார். ‘எனக்கு ஒன்றுமில்லை டாக்டர், வீட்டுக்குப் போகலாமா?’ என்று கேட்பார். சில மணி நேரத்தில் சரிந்துவிடுவார். தொடக்கத்தில் இப்படிப்பட்டவர்களுக்கு உடனே மயக்கம் கொடுத்து வென்டிலேட்டர் போட்டார்கள். போகப் போக, இறுக்கமான மாஸ்க் வழியாக அழுத்தத்தோடு ஆக்சிஜன் தரும் சிபாப் முறையும், விழித்திருக்கும்போதே குப்புறப் படுக்க வைப்பதும் பலருக்குப் போதும் என்று கண்டுகொண்டார்கள். குப்புறப் படுத்தால் நுரையீரலின் முதுகுப் பக்கம் விரியும். அங்கேதான் நுரையீரலின் பெரும்பகுதி இருக்கிறது. காசு செலவில்லாத சிகிச்சை. அளவு 78-இலிருந்து 90-க்கு ஏறுவதைக் கண்முன்னே பார்க்கலாம்.

அந்த விரல் கருவியிலேயே ஒரு குறை இருந்தது. தோலின் வழியாக ஒளியைச் செலுத்தித்தான் அது அளவைக் கணிக்கிறது. கறுப்புத் தோலுக்கு அது உண்மையைவிட அதிகமாகக் காட்டக்கூடும் என்பது நெடுநாளாகச் சிலருக்குத் தெரிந்த விஷயம். 2020 டிசம்பரில் அமெரிக்காவிலிருந்து வந்த ஓர் ஆய்வு, கருவி ‘சரி’ என்று காட்டியும் ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்திருந்தவர்கள் வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவரில் ஏறக்குறைய மூன்று மடங்கு என்றது. ஆண்டு முழுவதும் அந்த எண்ணைப் பார்த்துத்தான் யாரை வீட்டுக்கு அனுப்புவது, யாரைப் படுக்க வைப்பது என்று முடிவு செய்தார்கள். மாஸ்க்கும் இந்தக் கருவியும் எந்த முகத்தை, எந்தத் தோலை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

மருந்து என்று ஒன்று உறுதியானது ஜூன் 16-இல். ஆக்ஸ்ஃபர்டு நடத்திய ‘ரிகவரி’ ஆய்வு, டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, வென்டிலேட்டரில் இருப்பவர்களின் மரணத்தை மூன்றில் ஒரு பங்கும், ஆக்சிஜன் மட்டும் தேவைப்படுவோரின் மரணத்தை ஐந்தில் ஒரு பங்கும் குறைக்கிறது என்று அறிவித்தது. நம் ஊர்ப் பெட்டிக்கடை மெடிக்கலில்கூடக் கிடைக்கும் ‘டெக்ஸா’தான்! அந்த ஆய்வு அவ்வளவு வேகமாக முடிந்ததற்கு ஒரு காரணம் நாடு முழுவதும் வேலை நெருக்கடிக்கு நடுவே நோயாளிகளிடம் ஒப்புதல் வாங்கி அவர்களை ஆய்வில் சேர்த்த மருத்துவர்களும் நர்ஸ்களும். அது ஒரே அமைப்பின் கீழ் இயங்கும் அரசு மருத்துவத்தால் மட்டுமே முடிந்த காரியம் என்பது என் கருத்து.

ஆனால் அந்த ஆண்டின் மிகக் கடினமான வேலை மருந்து கொடுப்பது அல்ல, பேசுவது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

நம் ஊரில் மோசமான செய்தியை மருத்துவர் குடும்பத்திடம் சொல்வார், நோயாளியிடம் சொல்ல மாட்டார். ‘அப்பாகிட்ட சொல்லாதீங்க டாக்டர்’ என்று மகன் கையைப் பிடித்துக்கொள்வார். ‘உங்களால முடிஞ்சதை எல்லாம் பாருங்க’ என்பார்கள். பிரிட்டனில் முதலில் நோயாளியிடம்தான் சொல்ல வேண்டும். அவர் அனுமதித்தால்தான் மகனிடம். அதோடு, இதயம் நின்றால் மறுபடி இயக்க முயல வேண்டுமா, வென்டிலேட்டர் வரை போக வேண்டுமா என்பதையும் முன்கூட்டியே பேசி எழுதி வைப்பார்கள். வயதான, தளர்ந்த உடலில் நெஞ்சை அழுத்தினால் விலா எலும்பு முறியும், உயிர் திரும்புவது அரிது என்பது அதன் நியாயம். புதிதாகப் போகும் தமிழ் மருத்துவருக்கு இதைப் பழகவே ஒரு ஆண்டு ஆகும்.

2020 மார்ச் 20-இல் நைஸ் என்ற அரசு வழிகாட்டு அமைப்பு, தீவிர சிகிச்சைக்கு அனுப்புவதை முடிவு செய்ய உடல் தளர்ச்சியை ஒன்றிலிருந்து ஒன்பது வரை அளக்கும் ஓர் அளவுகோலைப் பயன்படுத்தச் சொன்னது. முதியவர்களுக்காகச் செய்த அளவுகோல் அது. பிறவியிலேயே ஊனமுற்ற இளைஞரையும் இதே கோலால் அளந்தால் என்ன ஆகும் என்று மாற்றுத்திறனாளி அமைப்புகள் கொதித்ததும், ஐந்தே நாளில் திருத்தினார்கள். அந்தத் திருத்தம் வந்ததா இல்லையா என்று பார்த்துக்கொண்டே இரவு இரண்டு மணிக்கு முடிவெடுத்தவர்களில் ஊரிலிருந்து வந்து சில மாதமே ஆன மருத்துவர்களும் உண்டு.

குடும்பம் உள்ளே வர அனுமதி இல்லை. ஆகவே எல்லாம் போனில். முகம் தெரியாத ஒரு பெண்ணிடம், மாஸ்க்குக்குள்ளிருந்து, தன் உச்சரிப்பில், ‘உங்கள் அப்பா இன்றிரவு இறந்துவிடலாம்’ என்று சொல்ல வேண்டும். மறுமுனையில் கேட்பவர் ‘மறுபடி சொல்லுங்கள், புரியவில்லை’ என்றால்? அந்த வாக்கியத்தை இரண்டாவது முறை சொல்ல வேண்டும். உள்ளே படுத்திருக்கும் காது மந்தமான முதியவர்கள் உதட்டசைவைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வார்கள்; மாஸ்க் போட்டபின் உதடும் இல்லை. பிளாப் தேர்வின் எட்டு நிமிட அறையில் நடிகரிடம் சொல்லிப் பழகியது இதற்குப் போதுமானதா?

இப்போது மரணங்களைப் பற்றி.

பிரிட்டனில் கோவிடால் இறந்ததாகப் பெயர் வெளியான முதல் பத்து மருத்துவர்களும் சிறுபான்மை இனத்தவர். ஆதில் எல் தயாரும் அம்ஜத் எல் ஹவ்ரானியும் சூடானில் வேர் கொண்டவர்கள். ஹபீப் ஜைதி பாகிஸ்தானிலிருந்து வந்தவர், ஆல்ஃபா சாது நைஜீரியாவிலிருந்து. ஆன்டன் செபஸ்தியாம்பிள்ளை இலங்கையின் பேராதனையில் படித்து 1967-இல் மருத்துவரானவர், லண்டன் அருகே கிங்ஸ்டனில் முதியோர் மருத்துவ நிபுணர். எழுபது வயதைக் கடந்தும் வேலை பார்த்தார். மார்ச் 20 அவருடைய கடைசி ஷிஃப்ட். ஏப்ரல் 4-இல் அதே மருத்துவமனையில் இறந்தார். மருத்துவ வரலாற்றுக்கு ஓர் அகராதியும், இலங்கையின் வரலாறும் எழுதியவர். டெர்பியில் மஞ்சித் சிங் ரியாத் ஏப்ரல் 20-இல் தான் வேலை பார்த்த மருத்துவமனையிலேயே இறந்தார், வயது 52. பிரிட்டனின் அவசர சிகிச்சைத் துறையில் முதல் சீக்கியக் கன்சல்டன்ட் அவர்.

அப்துல் மபூத் சௌத்ரியின் கதையை மறக்க முடியாது. வங்காளதேசத்தில் படித்த சிறுநீரக அறுவை மருத்துவர். மார்ச் 18-இல் பிரதமர் போரிஸ் ஜான்சனுக்கு முகநூலில் ஒரு வேண்டுகோள் எழுதினார்: என்.எச்.எஸ். ஊழியர் ஒவ்வொருவருக்கும் பாதுகாப்பு உடை கிடைக்க வேண்டும் என்று. ஏப்ரல் 8-இல் இறந்துவிட்டார். அந்த நாட்களில் பிரதமரே அதே நோயோடு தீவிர சிகிச்சையில் இருந்தார். வெளியே வந்ததும் தன் படுக்கையருகே இரவெல்லாம் நின்ற இரண்டு நர்ஸ்களின் பெயரைச் சொல்லி நன்றி கூறினார். ஒருவர் நியூசிலாந்துக்காரர், ஒருவர் போர்ச்சுகல்காரர்.

ஏன் இவர்கள்? சர்க்கரை, ரத்த அழுத்தம், மரபணு என்று பலரும் பேசினார்கள். அவற்றில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் எனக்கு அழுத்தமாகப் படுவது வேறு. மாஸ்க் இல்லாமல் நோயாளியிடம் போகச் சொன்னபோது யாரால் ‘முடியாது’ என்று சொல்ல முடிந்தது? பிரிட்டிஷ் மருத்துவர் சங்கம் அந்த வசந்தத்தில் எடுத்த கணக்கெடுப்பில், போதிய பாதுகாப்பு இல்லாமல் வேலை பார்க்க அழுத்தம் இருந்ததாகச் சொன்ன சிறுபான்மை மருத்துவர்களின் விகிதம் வெள்ளை மருத்துவர்களைப்போல ஏறக்குறைய இரு மடங்கு. காரணத்தை ஒரு ஆண்டுக்கு முன்பே வந்த ஓர் அறிக்கையில் பார்க்கலாம். ஜெனரல் மெடிக்கல் கவுன்சிலே கேட்டு வாங்கி 2019-இல் வெளியிட்ட அறிக்கை அது. வெளிநாட்டில் படித்த மருத்துவர்கள்மேல் அவர்களுடைய மருத்துவமனைகளே கவுன்சிலுக்குப் புகார் அனுப்புவது, உள்ளூரில் படித்தவர்களைவிட 2.5 மடங்கு அதிகம் என்றது. புகார் போனால் பதிவு போகலாம். பதிவு போனால் வேலை போகும். வேலை போனால் விசா போகும்; 60 நாளில் வேறு வேலை, இல்லையென்றால் மனைவி குழந்தைகளோடு விமானம் ஏற வேண்டும். 2006-இல் கதவு சாத்தப்பட்டதைக் கேட்டு வளர்ந்த ஒருவர் வாயைத் திறப்பாரா? ‘பரவாயில்லை, நான் பார்க்கிறேன்’ என்றுதான் சொல்வார்.

மார்ச் 26 முதல் பத்து வாரம், வியாழன் இரவு எட்டு மணிக்கு மக்கள் வாசலில் நின்று கைதட்டினார்கள். அதைத் தொடங்கி வைத்தவரும் லண்டனில் வாழும் ஒரு டச்சுப் பெண். கைதட்டல் உண்மையான அன்புதான், அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அதே நாட்களில் விசாவில் இருந்த வெளிநாட்டு மருத்துவர், தான் வேலை பார்க்கும் மருத்துவமனையைப் பயன்படுத்துவதற்காக ஆளுக்கு ஆண்டுக்கு 400 பவுண்டு கூடுதல் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. வருமான வரி தனி. நாலு பேர் குடும்பத்துக்கு ஐந்து ஆண்டு விசாவென்றால் 8,000 பவுண்டு. மே 20-இல் பிரதமர் நாடாளுமன்றத்தில் இதை நியாயப்படுத்திப் பேசினார். மறுநாளே மருத்துவ ஊழியர்களுக்கு விலக்கு அறிவித்தார். விசாவில் இருந்த மருத்துவர் இறந்துபோனால் அவரைச் சார்ந்து வந்த மனைவியும் குழந்தைகளும் நாட்டில் இருக்கும் உரிமையையே இழக்கும் நிலை இருந்தது. அவர்கள் நிரந்தரமாகத் தங்கலாம் என்ற சலுகையும் அந்த வசந்தத்தில்தான் வந்தது, முதலில் மருத்துவர் நர்ஸ்களுக்கு, பிறகு துப்புரவாளர்களுக்கும் சுமைப் பணியாளர்களுக்கும்.

அப்புறம் ஊர். 2012-இல் மாற்றிய குடியேற்ற விதிப்படி, வயதான பெற்றோரைப் பிரிட்டனுக்கு நிரந்தரமாக அழைத்துக்கொள்வது ஏறக்குறைய முடியாத காரியம். பெற்றோருக்கு அன்றாடக் காரியங்களையே பிறர் செய்ய வேண்டும், அந்த உதவி காசு கொடுத்தாலும் சொந்த நாட்டில் கிடைக்காது என்று நிரூபிக்க வேண்டும். ஆகவே பெரும்பாலான மருத்துவர்களின் அப்பா அம்மா திருச்சியிலோ யாழ்ப்பாணத்திலோ தனியாக இருந்தார்கள். ஆண்டுக்கு ஒருமுறை போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான் எல்லோரும் மனதில் போட்டிருந்த கணக்கு. இந்தியா விமானங்களை நிறுத்தியது, இலங்கையும் மார்ச்சிலேயே வருகைக்கு விமான நிலையத்தை மூடியது, கணக்கு உடைந்தது. மே 7 முதல், வெளிநாட்டில் சிக்கியவர்களை அழைத்துவர இந்திய அரசின் ‘வந்தே பாரத்’ விமானங்கள் ஓடின. இடம் கிடைத்தாலும் அங்கே தனிமைப்படுத்தல், திரும்பி வர விமானம் எப்போது என்று தெரியாது, லீவு கிடைக்காது. ஊரில் அப்பா இறந்தால் காரியத்தை வீடியோவில் பார்த்தார்கள். கொள்ளி வைக்க வேண்டிய மகன் மருத்துவமனைக் கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து போன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஏப்ரல் 19-இல் சென்னையில் நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸ் கோவிடால் இறந்தார். அடக்கம் செய்யக் கொண்டுபோனபோது கூட்டம் கல்லெறிந்து விரட்டியது. உடன் இருந்த மருத்துவ நண்பர் நள்ளிரவில் கையால் மண்ணள்ளிப் போட்டுப் புதைத்தார். அந்தக் காணொளி உலகமெங்கும் உள்ள தமிழ் மருத்துவர்களின் போனுக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் கேட்டிருந்த கீழ்ப்பாக்கம் கல்லறையில் உடல் மறுபடி அடக்கமானது 2022 ஜனவரியில்.

கோடையில் நோய் அடங்கியது. டிசம்பர் 8-இல் கோவென்ட்ரியில் உலகின் முதல் ஃபைசர் தடுப்பூசித் திட்டம் தொடங்கியது. 90 வயது மார்கரெட் கீனனுக்கு ஊசி போட்ட மே பார்சன்ஸ் பிலிப்பைன்ஸிலிருந்து வந்த நர்ஸ். அந்த மகிழ்ச்சி இரண்டு வாரம்கூட நீடிக்கவில்லை. கென்ட் பகுதியில் தோன்றிய புதிய வகை வைரஸ் பரவி, டிசம்பர் 19 நள்ளிரவோடு லண்டன் மறுபடி பூட்டப்பட்டது. 22-ஆம் தேதி நள்ளிரவோடு இந்தியா பிரிட்டன் விமானங்களை நிறுத்தியது. பொங்கலுக்கு ஊருக்கு வர டிக்கெட் எடுத்து வைத்திருந்தவர்கள் மறுபடி டியூட்டிக்குப் பெயர் கொடுத்தார்கள். ஏப்ரல் உச்சத்தில் பிரிட்டன் மருத்துவமனைகளில் இருந்த கோவிட் நோயாளிகள் 21,000-க்குச் சற்று மேல். 2021 ஜனவரியில் 39,000-க்கு மேல். இந்த முறை அவசர சிகிச்சைப் பிரிவு உண்மையாகவே நிரம்பியது. உள்ளே படுக்கை இல்லாமல் ஆம்புலன்ஸ்கள் வாசலில் வரிசையாக நின்றன. மருத்துவர் வெளியே போய் வண்டிக்குள் ஏறி நோயாளியைப் பார்த்தார். கைதட்ட யாரும் வாசலுக்கு வரவில்லை. எல்லோருக்கும் களைத்துப் போயிருந்தது.

அந்த அலை வடிந்து பிரிட்டன் மூச்சு விட்ட நேரத்தில், 2021 ஏப்ரல், மே மாதங்களில், இந்தியாவில் இரண்டாம் அலை எழுந்தது. ஏப்ரல் 23 முதல் பிரிட்டன் இந்தியாவைப் பயணத் தடைக்கான சிவப்புப் பட்டியலில் வைத்தது. சென்னை ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனை வாசலில் ஆம்புலன்ஸ் வரிசை நிற்கும் படம் வந்தது. பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு வந்த மருத்துவரின் வாட்ஸ்அப்பில் சித்தப்பாவின் விரல் கருவிப் படம், பள்ளித் தோழனின் அம்மாவுடைய சி.டி. ஸ்கேன், பெயர் தெரியாத எண்ணிலிருந்து ‘தம்பி, உங்க நம்பரை மாமா குடுத்தாரு’ என்று ஒரு குரல். அங்கே பின்னிரவு ஒரு மணி, இங்கே விடிகாலை ஐந்தரை. படுக்கை வாங்கித் தர அவரால் முடியாது, ஆக்சிஜன் சிலிண்டர் அனுப்ப முடியாது. ஒரு வருஷத்துக்கு முன் ரீஸஸ் அறையில் ஆங்கிலத்தில் எத்தனையோ பேரிடம் சொன்னதைத் தமிழில் சொன்னார்: “பயப்படாதீங்க சித்தப்பா. போனை ஸ்பீக்கர்ல போட்டுப் பக்கத்துல வைங்க. வயித்துக்குக் கீழ ஒரு தலகாணி, நெஞ்சுக்குக் கீழ ஒண்ணு. அப்படியே குப்புறப் படுங்க. நான் லைன்லயே இருக்கேன். இப்ப எவ்வளவு காட்டுது?”